மாலை போடும் அவசரத்தில் அடைத்த பீர்

என் மாப்பிள்ளை முகிலனுக்கு அமெரிக்காவில், எடிசனில் கம்ப்யூட்டர் வேலை. பொறுமையான மனுஷர். பேஸ்மென்டில் ஒரு பெரிய வாளியில் பீர் காய்ச்சி ஊற வைப்பார். குமிழி அடங்கி, உள்ளே போட்டு அளக்கிற கண்ணாடி மிதவை அடுத்தடுத்த நாளும் ஒரே அளவைக் காட்டினால்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும் என்று அவரேதான் எனக்குச் சொன்னார். குடிக்கிற சமாச்சாரம் எனக்கு ஆகாது. ஆனாலும், புளிக்கிற மாவை இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் கார்த்திகை நெருங்கியும் வாளியில் நுரை அடங்கவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் அதைத் தொடக்கூடாதே.

"கீழ கொட்டிருங்க" என்றாள் என் மகள் கண்மணி.

"கொட்டறதுக்கா இத்தனை பாடு? அடைச்சு வெச்சா விரதம் முடியறப்ப ரெடியா இருக்கும்."

பாட்டில்களில் அடைத்துப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டுப் பஜனையும் அதே பேஸ்மென்டில்தான். ஹீட்டர் சூடு வேறு. எல்லாரும் சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது படார் என்றது. பின்னாலேயே இன்னொன்று. நுரை ஓடி வந்து கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

"என்னம்மா அது?" என்றார் குருசாமி ராமசுப்ரமணியன்.

"இட்லி மாவுங்க சாமி. பொங்கிருச்சு." ஐயப்பன் படத்துக்கு எதிரிலேயே சொன்னேன்.

"விடுங்க அத்தை" என்றார் முகிலன், தலையைக் குனிந்துகொண்டு. "பீருங்க சாமி. நான் காய்ச்சுனது. மாலை போட்டப்புறம் தொடலீங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"தொடலைன்னா மாலை இருக்கட்டும்" என்றார் குருசாமி. "ஆனா அன்னதானம் இங்க வேண்டாம். நம்ம பத்ரி சாமி வீட்டுக்கு எடுத்துண்டு போயிடலாம்."

மிச்சப் பாட்டில்களும் வெடித்துவிடுமே. மாப்பிள்ளையோ தொடக்கூடாது. கண்மணி வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல், தடித்த துண்டைப் போர்த்தி ஒவ்வொன்றாக நானே வாசலில் திறந்து கொட்டினேன். காரில் ஏறுகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். புடவை முழுக்க பீர்.

சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு, குளிரில் வெறுங்காலோடு வந்த முகிலன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களும் வாங்க அத்தை. இல்லாட்டி நானும் போகலீங்க."

"இந்த நாத்தத்தோட நான் வரமாட்டேன். நீங்க போய்ப் பரிமாறுங்க மாப்பிள்ளை. ஒளிஞ்சுக்கற வேலையெல்லாம் வேண்டாம்."

போனார். கடைசிப் பந்தி வரைக்கும் தலை நிமிராமல் பரிமாறினாராம். கண்மணி வந்து சொன்னாள்.