உறையாத அன்ரிபொடி

சில வருடங்களுக்கு முன், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது இது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் அப்போது பட்டப்பின் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். அம்மாவும் தம்பியோடு கனடாவில். விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். எனக்குப் போக வீடு இருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள் அசையாமல் நின்றன. காலையில் இருந்து யாரோடும் கதைக்கவில்லை என்பது சில நாட்களில் மாலையில்தான் நினைவுக்கு வரும்.

உடம்பில் கொழுப்பை உண்டாக்கும் ஒரு நொதியம் பற்றியது என் ஆய்வு. அந்த நொதியத்தில் பொசுபேற்று ஒட்டிக்கொண்டால் அது வேலையை நிறுத்திவிடும். அப்படி ஒட்டியதை மட்டும் தேடிப் பிடித்துக் காட்ட ஒரு பிறபொருளெதிரி இருக்கிறது. ஆய்வுகூடத்தில் அதை அன்ரிபொடி என்றே சொல்வோம். என்னிடம் இருந்தது விரல் நுனி அளவான குழாயின் அடியில் சில துளிகள். இன்னும் ஒரேயொரு பரிசோதனைக்குப் போதும். புதிதாக எடுப்பிக்க வழியில்லை. அது கெட்டால் பட்டமும் அதோடு நின்றுவிடும். பரிசோதிக்க வேண்டிய மாதிரிகளோ விடுமுறை முடிந்துதான் வேறோர் ஊரிலிருந்து வரும்.

புத்தாண்டுக்கு முதல்நாள் ஆய்வுகூடத்து டீப் ப்ரீசர் நின்றுவிட்டது. திருத்துபவர் விடுமுறை முடியட்டும் என்றார். சாதாரண வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் இதற்குப் போதாது. பக்கத்துத் தெருவில் திறந்திருந்தது கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவரின் மீன்கடை மட்டும். நான் ஒராளுக்கு மட்டும் மீன் வாங்குகிறவள் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. விஷயத்தைச் சொல்லி, விடுமுறை முடியும்வரை அவருடைய ப்ரீசரில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அன்ரிபொடி என்றதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எந்த அன்ரிட பொடி மகள் இது? இவ்வளவு சின்னன்.”

சூடு பட்டால் என் படிப்பே போய்விடும் என்றேன். அதன்பிறகு அவர் பகிடி விடவில்லை. குழாயை ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, கடை ப்ரீசரில் பாரை மீன்களுக்கு அடியில் தாழ்த்தினார்.

விடுமுறை முடிந்த காலை போனேன். கடை பூட்டியிருந்தது. அவருக்குத் தொலைபேசி எடுத்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்ற நேரத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இதை யாரிடம் சொல்வது என்றுதான் யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு அவருடைய மோட்டார் சைக்கிள் வந்தது. மடியில் ஐஸ் வைக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டி. இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மகள், நான் உங்கட சாமானப் பழுதாக்கிட்டன் போல. இது உறையுதே இல்ல.”

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் பின்னேரம் திறந்து பார்த்திருக்கிறார். மீனெல்லாம் கல்லுப்போல; குழாய்க்குள் மட்டும் தண்ணீர். மீன்காரருக்கு இரண்டு நிலைதான்: ஒன்று கல்லாக வேண்டும், இல்லாவிட்டால் பழுதாகும். கடை ப்ரீசர் சரியில்லை என்று குறிஞ்சாக்கேணியில் உள்ள தன் வீட்டு ப்ரீசருக்குக் கொண்டு போயிருக்கிறார். விற்க வைத்திருந்த இறாலை வெளியே எடுத்துவிட்டு இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அதிலும் உறையவில்லை. உடைத்த ஐஸில் உப்புக் கலந்து சுற்றிவரப் போட்டிருக்கிறார். அப்போதும் தண்ணீர்தான். ஒரு பிள்ளையின் படிப்பாச்சே என்று மனைவி ஏசினாவாம். காலையில் நான் அழைத்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

குழாயை வாங்கிச் சரித்தேன். துளிகள் தேன் போல மெதுவாக வழிந்தன. அதில் கிளிசரின் கலந்திருக்கிறது, உறையக்கூடாது என்றே கலப்பது, உறைந்து உருகினாலும் கெட்டுவிடும் என்று சொன்னேன். அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

“அத முதலே செல்லப்படாதா? அவ்வளவு இறாலும் அக்கம்பக்கத்துக்குப் போயிட்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. போகும்போது, சரியாக வந்தால் வந்து சொல்லும்படி கேட்டார்.

மாதிரிகள் வந்தன. பரிசோதனை செய்தேன். அன்ரிபொடி கெடவில்லை என்பதற்கு அடையாளமாக, வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கோடுகள் தெளிவாக வந்தன. திரும்பிப் பார்த்தேன், காட்ட யாரும் இல்லை. கனடாவில் அது தூங்கும் நேரம். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மீன்கடைக்கு நடந்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“இந்தக் கோட்டுக்கா?” என்றார்.

ஓம் என்றேன்.

அந்தக் கோடுகள் என் ஆய்வேட்டில் இருக்கின்றன. அவற்றின் பொருளைக் கேட்டவர்கள் உண்டு, திருத்தம் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குழாயில் இருப்பது என்னவென்றே தெரியாத ஒருவர், அது கெட்டுவிடக் கூடாதே என்று பயந்து தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்ற நினைவுதான், தனியாக வேலை செய்யும் நாட்களில் இன்றும் எனக்குத் துணையாக இருக்கிறது.