ஈரான் கண்காட்சிக்குக் கொண்டுபோன போத்தல்

பலாலிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு ஓடிவந்து, கரவெட்டியில் சொந்தக்காரர் ஒருவர் தந்த ஒற்றை அறையில் நாங்கள் இருந்த காலம். மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாய்க்கு, என்மேல் ஒரு தீராத வழக்கு இருந்தது. ஓடிவந்த அன்று ஷெல் விழுந்துகொண்டிருக்க, அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சைக்கிள் கரியரில் ஏற்றியவன் நான். வீட்டைத் திரும்பிப் பார்த்துப் போய்வருகிறேன் என்பதாகப் "போட்டு வாறன்" என்று ஒரு சொல் சொல்ல விடவில்லையாம்.

"செத்தவீட்டிலையிருந்துதான் சொல்லாமல் வாறது. இனி அந்த வாசலை நான் மிதிக்கேலாது" என்பார். சண்டை பிடித்த இரண்டு பகுதியையும் மாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. குற்றவாளி நான் ஒருவன்தான்.

அப்போதுதான் நெல்லியடியில் அந்தக் கண்காட்சி நடந்தது. ஈரானில் வேலை செய்து திரும்பிய எஞ்சினியர் ஒருவர், அங்கே போரில் ஊரைவிட்டு ஓடியவர்களைப் பற்றி அந்நாட்டு ஓவியர்கள் கீறிய படங்களின் அச்சுப் பிரதிகளை தனியார் வகுப்பு நடக்கும் ஒரு ரியூட்டரிக் கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். செய்தி கரவெட்டிக்கு வருவதற்குள் படங்கள் வழியில் எங்கோ விழுந்துவிட்டன. "ஈரான்காரர் வந்திருக்கினமாம்" என்பது மட்டும் வந்து சேர்ந்தது. ஈரான் என்றால் எண்ணெய். நாங்களோ ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்தோம். மாமி இரண்டு போத்தல்களைக் கழுவி எடுத்துக்கொண்டு கரியரில் ஏறினார்.

"படந்தான் மாமி" என்றேன்.

"படத்தைக் காட்டிப்போட்டுத்தான் குடுப்பினம்" என்றார்.

கொட்டில் வாசலில் போத்தலும் எண்ணெய்க் கானுமாக நீண்ட வரிசை. எஞ்சினியருக்குக் கண்கலங்கிவிட்டது. நவீன ஓவியத்துக்கு வடமராட்சியில் இவ்வளவு மவுசா என்று நினைத்திருப்பார். கான்கள் எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை, பாவம்.

உள்ளே போனபின் விசயம் விளங்கியது. ஆனாலும் வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போவோம் என்று எல்லோரும் சுற்றினார்கள். மாமி ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். தலையில் மூட்டையோடு வாசலைத் தாண்டும் ஒரு பெண், கழுத்தைத் திருப்பித் தன் வீட்டைப் பார்க்கிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

"பாத்தியளோ தம்பி, உந்தப் பிள்ளையைச் சொல்ல விட்டிருக்கினம்."

"அவவுக்கு மருமகன் இல்லைப்போல, மாமி."

மாமி சிரிக்கவில்லை. போத்தல்களைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டப் போனார்.

"பிள்ளை, சொல்லேக்கை எங்கடை வீட்டுக்கும் ஒருக்காச் சொல்லிவிடம்மா. பலாலிப் பக்கம். கிணத்தடியிலை ஒரு நெல்லிமரம் நிக்கும். போட்டு வாறமாம் எண்டு சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று நானும் சொல்லவில்லை. அந்த நெல்லிமரத்தைக்கூட இத்தனை நாளும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"மாமி, 'வாறம்' எண்டு எனக்கும் சேர்த்தோ சொன்னியள்?" என்று மெல்லக் கேட்டேன்.

மாமி வெறும் போத்தல்களைத் தூக்கிக்கொண்டார்.

"பின்னை? எங்கடை வீட்டுக்குத் திரும்பிப் போகேக்கை சைக்கிள் ஆர் உழக்கிறது?"