ஆவி பறக்கும் ஊர்

உருளைக்கிழங்குப் பானையைத் திறந்து ஆவி முகத்தில் அடிக்கும்போதெல்லாம், நான் ஒருநாளும் போகாத ரெய்க்யாவிக் நகரம் நினைவுக்கு வந்துவிடும். காரணம் அக்கா. உறவு ஒன்றும் இல்லை. டென்மார்க்கில் சில்க்போர்க் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் என்னோடு வேலை செய்தவர், யாழ்ப்பாணத்தவர், என்னைவிட மூத்தவர்.

எங்கள் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் டேனிஷ் வாய்மொழிச் சோதனையில் சித்தியடைய வேண்டும். நான் அப்போது தனிக்கட்டை, எப்படியும் சமாளித்திருப்பேன். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், கணவருக்கு வேலையில்லை. விருப்பமான ஒரு தலைநகரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். “கொப்பன்ஹேகனை எல்லாரும் சொல்லுவினம், பிழை விட்டால் பிடிச்சுப்போடுவினம். ஐஸ்லாந்தை ஆருக்குத் தெரியும் தம்பி?” என்று அக்கா அதன் தலைநகரான ரெய்க்யாவிக்கை எடுத்தார். பிறகு எங்கள் ஊர்ப் பழக்கப்படி முழுவதையும் பாடமாக்கினார். கப்பலில் வந்த முதல் குடியேறி தன் ஆசனத்தின் தூண்களைக் கடலில் எறிந்து, அவை ஒதுங்கும் இடத்தில் குடியிருப்பேன் என்று தெய்வத்திடம் நேர்ந்துகொண்டது, நிலத்து வெந்நீர் ஊற்றுகளிலிருந்து எழுந்த ஆவியால் ஊருக்குப் பெயர் வந்தது, கம்பளி நெசவு, டென்மார்க் அரசரின் வியாபாரிகள், பாராளுமன்றம், கடைசியில் சுதந்திரம். கிழங்கு உரித்தபடியே ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். நான் இடையில் உப்பு எங்கே என்று கேட்டால் போதும், மறுபடியும் தூணிலிருந்து தொடங்குவார்.

சோதனைக்கு இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். அக்கா தொடங்கியதும் சோதிக்க வந்த அம்மா முகம் மலர்ந்து, “நான் அங்கேதான் பிறந்தேன்!” என்றார். அக்கா திகைத்து, முதலிலிருந்து தொடங்கினார். அந்த அம்மா மீண்டும் குறுக்கிட்டார். மீண்டும் தூண். மூன்றாம் முறை அவர் சிரித்துக்கொண்டே, “வழியில் எவ்வளவோ நல்ல நிலம் இருந்ததே, அந்த மனிதன் ஏன் அந்தக் கல்லுத் தரையில் போய் இருந்தான்?” என்று கேட்டார்.

அக்கா பாடமாக்கியதையெல்லாம் கைவிட்டார். உடைந்த டேனிஷில், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னார்: “கடவுளிட்டை நேர்ந்துபோட்டு, காட்டின இடம் பிடிக்கேல்லை எண்டு சொல்லலாமோ? எங்களையும் அரசாங்கத்தின்ரை ஒரு கடதாசி சில்க்போர்க்கிலை கொண்டுவந்து இறக்கினது. ஒரே குளிர். நான் திரும்பிப் போனனானோ? அடுப்பை மூட்டினன், இருந்திட்டன்.” அந்த அம்மா எழுந்து வந்து கைகொடுத்தார். நானும் சித்தியடைந்தேன், அக்காவும் சித்தியடைந்தார். வெளியே வந்த அக்காவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. “சுதந்திரத்தைச் சொல்ல விடேல்லையே தம்பி!”

அக்கா ஓய்வுபெற்று இப்போது மகளோடு ஒடென்சேயில் இருக்கிறார். போன கிழமை நான் கிழங்குப் பானையைத் திறந்த நேரம் தொலைபேசி அடித்தது. “தம்பி, ரெய்க்யாவிக்கிலை நிக்கிறன். ஆவி உண்மையாத்தான் வருது!” என்றவர், அங்கேயே டேனிஷில் தொடங்கிவிட்டார். தூண் ஒதுங்கியது, நெசவு வந்தது, வியாபாரிகள் வந்தார்கள். கேட்க எனக்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். கிழங்கு குழைந்து களியானது. ஐஸ்லாந்து சுதந்திரம் அடைந்தது.