அப்பா நடந்த அரை மைல்

எங்கள் தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களில் நான் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான்.

ஒரு மத்தியானம், பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றுவிட்டுத் திரும்பிய அப்பாவின் பிடரியில், போராட்டக் கூட்டத்தை விரட்டிய போலீஸின் லத்தி விழுந்தது. கூட்டம் சிதறியபின் நானும் சித்தப்பாவும் தேடிப் போனோம். வாழைத்தோப்பு ஓரத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

லத்தியடி பட்டவர்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பிடிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. மிச்சமிருந்தது வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் வீடு, அரை மைல். வழியில் தெரு திரும்பும் முக்கில் போலீஸ் நின்றது.

சித்தப்பா கள்ளுக்கடைக்கு ஓடி ஒரு குப்பி வாங்கிவந்து அப்பாவின் சட்டையில் ஊற்றினார். குடிகாரனை யாரும் தடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அப்பாவோ சர்ச் சபையில் மூப்பர். கள்ளுக்கடை இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாதவர்.

இருபுறமும் தோள்கொடுத்துத் தூக்கினோம். கால்கள் தாமாகவே எட்டு வைத்தன.

"பாத்தியா மக்கா, அண்ணன் நடக்காரு. பேடிக்காத" என்றார் சித்தப்பா.

எனக்கு அந்த நடைதான் பயம். முந்தின மாதம் கல்லூரியில் ஒரு தவளையின் முன்மூளையை எடுத்துவிட்டுக் காட்டியிருந்தார்கள். அது நிமிர்ந்து உட்கார்ந்தது. மல்லாத்தினால் புரண்டது, குத்தினால் தாவியது. பிடரிக்குள் இருக்கும் மூளைத்தண்டு போதும், அதுவே உடம்பை நிமிர்த்தும், தசைக்கு முறுக்குக் கொடுக்கும், நடக்கவும் வைக்கும் என்றார் வாத்தியார். பிறகு அதையும் சிதைத்தார். தவளை நனைந்த துணிபோல மேசையில் பரந்துவிட்டது.

அப்பாவின் கால்கள் ஒழுங்காக நடந்தன. உள்ளே அப்பா இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை. அடிபட்ட இடத்தில் வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நடையும் எந்த நிமிஷம் நிற்குமோ.

முக்கில் ஒரு போலீஸ்காரன் கை காட்டி நிறுத்தினான்.

"கள்ளாணு ஏமானே" என்றார் சித்தப்பா, கள்ளு போதைதான் எஜமான் என்று மலையாளத்தில்.

அவன் குனிந்து மோந்தான். அப்போது அப்பாவின் தலை மெல்ல எழும்பியது.

"எனக்க சட்டையில கள்ளு ஊத்தினவன் எவம்லே?"

போலீஸ்காரன் சிரித்தான். எல்லாக் குடியனும் இதைத்தான் சொல்லுவான் என்று பக்கத்தில் நின்றவனிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டு எங்களைப் போகவிட்டான்.

இருபதடி தாண்டியதும் அப்பாவின் தலை மறுபடி தொங்கிவிட்டது. கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நான் அவர் காதோடு வாய் வைத்துக் கேட்டேன். ஆரு ஊத்தினா அப்பா, ஆரு ஊத்தினா? தண்ணீர் ஓடிய தோடு தாண்டினோம், சர்ச்சைத் தாண்டினோம், கேட்டுக்கொண்டே நடந்தேன். அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். இப்போது அப்பாதான் என்னைத் தாங்குவதுபோல இருந்தது.

ஆசான் வீட்டு வாசல்நடையில் கிடத்தினபோது அவர் உதடு அசைந்தது.

"ஒனக்க சித்தப்பனாக்கும்."

சித்தப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.