என்னைப் பார்க்க வந்தவர் கானைப் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் சாணித் தண்ணீர் கொட்டியது. முழுக் காரணம் என் அப்பாதான்.

றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா கான் வெட்டுகிறவர். மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். உடப்புசல்லாவையிலிருந்து வருகிறவர்கள் வாசலில் சேறு மிதிக்கக்கூடாதென்று, முதல் நாள் வீட்டுக்கு மேலே மலையில் சுற்றிப் புதுக் கான் ஒன்று இறக்கினார். வாசல் பளிச்சென்றுதான் இருந்தது. மாட்டுப்பட்டித் தண்ணீரும் லீக்ஸ் பாத்தி எருவும் எங்கே போகும் என்று அந்த மனுசன் யோசிக்கவே இல்லை. விடிந்ததும் மழை பிடித்தது. எல்லாம் நேரே பீலிக்கு வரும் ஊற்றில் இறங்கிவிட்டது.

சீனி கிடைக்காத காலம் அது. அந்த ஒரு தேத்தண்ணிக்காக வாயைக் கட்டிச் சீனி சேர்த்திருந்தோம். பீலியில் பிடித்த குடத்தைப் பார்த்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்தே எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இது தட்டிப்போனால் ஜென்மத்துக்கும் அப்பாவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா கால் கழுவப் பீலிக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"என்னங்க இது, பீலிக்குள்ளயா மாட்டக் கட்டி வச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை களிசானை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மேலே ஏறிப் பார்த்தார். அவரும் கான் வெட்டுகிறவர்தான். "மாமா, கான இப்பிடி நேரா எறக்கலாமா? குறுக்கால தேயிலைப் பக்கம் திருப்பி, நடுவுல குழி வெட்டுங்க. மண்டியெல்லாம் அதுல தங்கிரும்."

"நீங்க பொறக்குறதுக்கு முந்தியே நான் கான் வெட்டுனவன்!" என்று அப்பா மண்வெட்டியோடு பாய்ந்தார்.

அவ்வளவுதான். ஆளுக்கொரு மண்வெட்டி, ஆளுக்கொரு நியாயம். இவர் வெட்டியதை அவர் மூடினார். சேறு இருவருக்கும் தலைவரை ஏறியது. நான் சீலை கட்டிப் பூ வைத்து அடுப்படியில் நிற்கிறேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை! கடைசியில் கான் தேயிலைப் பக்கம் திரும்பியது. பொழுது சாய்கிற நேரத்தில் பீலியும் தெளிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கீழேயிருந்து கத்தினார். "டேய், பொண்ணு புடிச்சிருக்கான்னு சொல்லுடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"இன்னும் பாக்கலியேம்மா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்த சீனி முழுவதையும் கொட்டித் தேத்தண்ணி ஊற்றி, நானே மலையேறினேன். அவர் கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தண்ணி நல்லாத் தெளிஞ்சிருச்சு மாமா."

"தண்ணிய அப்புறம் பாக்கலாம்," என்றேன். "மொதல்ல என்னையப் பாருங்க."

பார்த்தார். மறுகையிலிருந்த மண்வெட்டி நழுவி அப்பாவின் காலில் விழுந்தது.

"ஐயோ, மாப்ள!" என்று அலறினார் அப்பா. அவர் வாயிலிருந்து அந்த முறைச்சொல் முதல்முதலாக வந்தது அப்படித்தான்.