தனபால் தளத்தில் பனிமூட்டம்

ஏற்காடு மலையில், நாகலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வாசகர் சங்க நூலகத்தை நடத்துகிறவர் தனபால். முன்பு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஆட்களின் வருகையைப் பதிந்துகொண்டிருந்தவர். எஸ்டேட்டை விட்டு வெகுகாலமாகியும் ஊர் அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அமைதி பிடிக்கும் என்று சொல்லி நூலக வேலைக்கு வந்தார். வந்த நாள் முதல் அந்த அறையில் ஓயாமல் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். 'சத்தம் போடாதீர்கள்' என்ற அட்டையைக்கூடப் புதியவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார்.

நூலகத்துக்கு இணையதளம் வேண்டும் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருந்தது. உறுப்பினர்கள் வாழவந்தியிலும் மாரமங்கலத்திலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் சிதறிக் கிடந்தார்கள். பஸ் பிடித்து வந்து, கேட்ட புத்தகம் இல்லை என்று தெரிந்து, அடுத்த பஸ் வரும்வரை ரைட்டரின் பேச்சைக் கேட்பது எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. போனிலேயே புத்தகத்தைத் தேடிப் பதிந்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடு. ஒரு மழைக்காலம் முழுக்க வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு தனபாலே தளத்தைச் செய்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லா ஊரு லைப்ரரியும் ஒரே மாதிரி இருக்குது. நம்முளுது ஏற்காடு மாதிரி இருக்கோணுமல்ல?" என்றார் மனைவி கனகாவிடம். சொல்லிவிட்டு, தளத்துக்குள் பனியை விட்டார்.

வெண்மேகங்கள் இடமிருந்து வலமாக ஊர்ந்து பக்கம் முழுவதையும் மூடின. அடியில் இருந்த எழுத்துகளுக்கும், பொருத்தமாக இருக்கட்டும் என்று சாம்பல் நிறம் கொடுத்திருந்தார். எப்போதாவது மேகங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழும். அதற்குள் தேடல் பெட்டியைத் தொட்டுவிட வேண்டும். அவசரக்காரர்களுக்காகப் பனியைக் கலைக்கும் 'ஹெட்லைட்' பொத்தான் ஒன்றும் வைத்திருந்தார். அதுவும் பனிக்கு அடியில்தான் இருந்தது.

கனகா, கையிலிருந்த தடித்த நாவலை மூடாமலே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இது ஊட்டுக்கு வெளியவே ஓசியில கெடைக்குது. உள்ளயும் எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"உனக்கு ரசனை பத்தாது கனகா."

தளங்கள் பார்வையற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும், படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதிவைக்க வேண்டும், போனில் இருக்கும் குரல் அதை வாசித்துச் சொல்லும் என்று ஒரு வீடியோவில் கேட்டார். பாதிதான் கேட்டார். வெறும் அலங்காரப் படங்களுக்கு விளக்கம் கூடாது என்பது மீதிப் பாதியில் இருந்தது. தனபால் உட்கார்ந்து மேகம் மேகமாக எழுதினார்.

தளம் வெற்றி பெற்றது. அப்படித்தான் அவர் நம்பினார். வருகிறவர்கள் எவ்வளவு நேரம் தளத்தில் இருக்கிறார்கள் என்று காட்டும் கணக்கைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். எங்குமே ஜனங்கள் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். நாகலூர் தளத்தில் மட்டும் மணிக்கணக்கில் தங்குகிறார்கள். ஒரு புகார்கூட இல்லை. புத்தகம் பதிந்தவரும் ஒருவர்கூட இல்லை என்பதை அவர் தனி விஷயமாக வைத்துக்கொண்டார்.

சங்கத் தலைவர் ஜேசுதாஸ் மிளகு வியாபாரி. பாதி நாள் சேலத்தில் இருப்பதால் பொறுமை இழந்தவர். "ரைட்டர், எனக்கு ஒரு எழுவும் தெரியிலீங்க. சேலத்துல ஒரு கம்பெனிக்காரன் புதுசா செஞ்சு தரேங்கறான். உங்களுதை எடுத்தறலாம்."

தனபாலுக்கு முகம் செத்துவிட்டது. "நீங்க மலைக்குக் கீழ இருக்கற சேலத்து அவசரத்துல பாக்கறீங்க. நம்ம சனம் நொம்ப ஆசையாப் பாக்குதுங்க."

"அப்படீனா ஞாயித்துக்கெழம கூட்டத்துல மூணு பேரு ஆளுக்கொரு பொஸ்தகம் பதியட்டும். ஒருத்தர் பதிஞ்சாக்கூட உங்க தளம் இருக்கட்டும். ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

கடைசி நிபந்தனைதான் கொடுமையானது.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் மூன்று பேர் நூலகப் பெஞ்சில் போனோடு உட்கார்ந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் சென்னம்மாளுக்கு ஒரு நாவலின் இரண்டாம் பாகம் வேண்டும். முதல் பாகம் கதாநாயகியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு முடிந்திருந்தது. பஸ் டிரைவர் சத்யராஜுக்கு ஜோசியப் புத்தகம். எஸ்டேட் ஆபீசில் போன் எடுக்கும் சாந்தாமேரிக்குப் பார்வை கிடையாது. பேசும் புத்தகம் ஒன்று வேண்டும்.

சென்னம்மாள் தளத்தைத் திறந்தார். போனை மடியில் வைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, ஆரம்பிக்கலீங்களா?" என்றார் ஜேசுதாஸ்.

"ஆரம்பிச்சுட்டேனுங்க. பனி விலகட்டும்னு இருக்கறேன்."

சத்யராஜ் போனை முகத்தருகே பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "முன்னாடி ஒரு வண்டி போனா அது பின்னாடியே போயிறலாம். ஹெட்லைட் வேற இருக்குதுன்னாங்களே, எங்கீங்க?"

தனபால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மேகத்துக்கு அடியில் ஓரிடத்தைக் கண்ணால் காட்டினார். பயனில்லை.

"ஏனுங்க, எனக்குத்தான் பனி மறைக்காதே," என்று சிரித்துக்கொண்டே சாந்தாமேரி போனைத் தொட்டார். போன் வாசிக்கத் தொடங்கியது.

"படம். சேர்வராயன் கோயில் பக்கமிருந்து வரும் மேகம். சற்றே சோம்பலானது. படம். முந்தைய மேகத்தின் தங்கை. படம். மழை தருவதாகச் சொல்லி ஏமாற்றும் மேகம். படம். இதுவும் மேகமே."

குரல் நிற்கவில்லை. தேடல் பெட்டி மேகங்களுக்கெல்லாம் அப்பால் எங்கோ இருந்தது. கடைசி மேகம் போனதும் முதல் மேகம் திரும்ப வந்தது.

"ரைட்டரே, எனக்கும் பனியாக்கிட்டீங்களே!"

தனபாலால் தாங்க முடியவில்லை. "கண்ணு தெரியறவங்களுக்கு மட்டும் வெச்சா ஓரவஞ்சனையாயிருமேன்னுதானுங்க..."

"நல்லா இருக்குதுங்க உங்க நியாயம். எல்லாரையும் சமமா நிறுத்திப்போட்டீங்க."

ஜேசுதாஸ் எழுந்தார். "சரி, முடிஞ்சுது. சேலத்துக்காரனுக்குச் சொல்லியர்றேன்."

தனபால் சென்னம்மாளிடம் திரும்பினார். "ஏனுங்க்கா, தெனமும் இப்படித்தான் போனைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாங்க ரைட்டரே. பனின்னா விலகற வரைக்கும் இருக்கறதுதானுங்களே. அதுக்குப் போயி ஆரைக் கொறை சொல்றது?"

மணிக்கணக்கில் தங்கியவர்கள் யார் என்பது தனபாலுக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியூர்க்காரர்கள் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மலைக்காரர்கள் பனிக்கு மரியாதை கொடுத்து வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்கள்.

"தலைவரே, ஒரு நிமிசம் பொறுங்க," என்று நூலகக் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். சோம்பல் மேகத்தை அழித்தார். தங்கையை அழிக்கும்போது கை சற்று நின்றது. ஏமாற்றுகிற மேகம் தானாகவே போய்விட்டது போலிருந்தது. பிறகு எழுத்துகளைக் கறுப்பாக்கினார். ஹெட்லைட்டுக்கு இனி வேலையில்லை, அதையும் எடுத்தார்.

"இப்பப் பாருங்க்கா."

சென்னம்மாள் மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். "அட, இங்க பொட்டியெல்லாம் இருக்குதுங்களே!" நாவலின் பெயரைப் போனிடம் சொன்னார். இரண்டாம் பாகம் பளிச்சென்று வந்தது. அடியில் 'யாரிடம் உள்ளது' என்ற வரியும் பளிச்சென்று இருந்தது. இரவல் வாங்கியவரின் பெயரை ஊரறியப் போடக் கூடாது என்பதும் தனபால் கேட்காத பாதி எதிலோ இருந்திருக்க வேண்டும்.

"ரைட்டரே, பொஸ்தகம் உங்க ஊட்டுலதான் இருக்குதாமா?"

தனபால் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அழித்த மேகங்களைத் திரும்பக் கொண்டுவர வழியிருக்கிறதா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

சென்னம்மாள் 'அடுத்து எனக்கு' என்ற பொத்தானை அழுத்தினார். பதிவாயிற்று. ஜேசுதாஸ் சொன்ன சொல் மாறாதவர். "தளம் இருக்கட்டும். ஆனா அக்கா கையில பொஸ்தகம் வந்தாத்தான் பதிஞ்சதா அர்த்தம். ஊட்டுக்குப் போனைப் போடுங்க."

தனபால் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்கள், வைத்தார்.

"கனகா, அந்த ரெண்டாம் பாகத்தை எடுத்துட்டு ஒடனே இங்க வா. தளமே அதுலதான் நிக்குது."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "அவ இப்பத்தானுங்க கெணத்துல இருந்து கயித்தைப் புடிச்சிருக்கறா."

"கனகா!"

"வர்றேனுங்க. வெளிய ஒரே பனியா இருக்குது. விலகட்டும்."

தனபால் ஜன்னலைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அவசரமில்லீங்க, விலகட்டும்," என்று சென்னம்மாள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.