அத்தை முங்கி எடுத்த சாவி

அப்பாவின் தங்கையும் நாங்களும் ஒரே ஊரில்தான் இருந்தோம். மஸ்கட்டில் ரூவியில் எங்கள் வீடு. டாக்ஸி ஏறினால் கால் மணி நேரத்தில் குரும். அங்கே ஒரு பெரிய வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அத்தை இருந்தாள். அப்படியிருந்தும் ஒன்பது வயது வரை நான் அவளை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவாள். மீன் குழம்பு வைப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசிவிட்டு சாயங்காலம் கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அப்பா ஒரு டைல்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அந்த வருடம் ஆபீஸ் குலுக்கலில் முதல் பரிசான டிவி வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டாம் பரிசாக, நான்கு பேருக்கான ஒருநாள் சுற்றுலா அப்பாவுக்கு விழுந்தது. டிவி கிடைக்காத வருத்தம் அவருக்கு இரண்டு நாள் இருந்தது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கைடோடு வேனில் போகிறோம்! காலையில் குரியாத் கோட்டை, அப்புறம் பிம்மா பள்ளம், மலைக்கு நடுவே ஓடும் ஒரு ஓடை, கடைசியில் சூர் என்கிற பழைய துறைமுகம். நாங்கள் மூன்று பேர். நான்காவது சீட் யாருக்கு என்பதில் வீட்டில் எந்த விவாதமும் நடக்கவில்லை.

அத்தைக்கு முழுநாள் லீவ் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. ஆறு மணிக்குள் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டாக வேண்டும் என்பது மட்டும் முதல்நாளிலிருந்தே என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

கைடு ஓர் ஓமானி இளைஞர். கால்வரை நீண்ட வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி. வேனை ஓட்டுவதும் அவரே, மைக்கில் பேசுவதும் அவரே. வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலம், எங்களிடம் இந்தி, வழியில் குறுக்கே வந்த ஆடுகளிடம் அரபி. ‘யல்லா, யல்லா’ என்று அவர் கைதட்டினால் எல்லோரும் ஓடி வந்து ஏறிக்கொள்ள வேண்டும். நான் எல்லா இடத்திலும் முதலில் ஏறினேன்.

எங்களுக்கு முன் சீட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. அந்தம்மா அகலமான ஓலைத் தொப்பி வைத்திருந்தார். குரியாத் கோட்டை வாசலில் கைடு, போர்த்துகீசியர் கப்பலில் வந்து இந்த ஊரையே கொளுத்திய கதையைச் சொன்னார். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “உங்களுக்குப் போர்த்துகீசியர், எங்களுக்கு ஸ்பானியர்” என்றார். அவர்கள் நாட்டிலும் இதே மாதிரி ஒருநாள் சுற்றுலா உண்டாம். காலையில் ஸ்பானியர் கட்டிய ஒரு மஞ்சள் நிற ஊர், சர்ச்சிலிருந்து பழக்கடை வரை எல்லாச் சுவரும் மஞ்சள். மத்தியானம் காட்டுக்குள் தரை திடீரென்று உள்வாங்கிய பெரிய கிணறுகள், அதில் நீலத் தண்ணீர். அவர் சொன்னதையெல்லாம் நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

“கிணத்துக்குள்ள எறங்கிக் குளிக்க விடுவாகளாமா? கேளு மருமகளே” என்றாள் அத்தை.

விடுவார்களாம். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பிம்மா பள்ளத்தைப் பார்த்ததும் மெக்சிகோ அம்மா கையைத் தட்டிக் கூச்சலே போட்டுவிட்டார். அவர் சொன்ன அதே மாதிரி! வறண்ட தரையில் ஒரு நட்சத்திரம் விழுந்து பொத்தல் போட்டது போல வட்டமான பள்ளம். அடியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். இறங்கிப் போக நீளமான படிக்கட்டு. கடைசிப் படியில் காலை நனைத்தால் சின்னச் சின்ன மீன்கள் வந்து விரலைக் கடிக்கும். நான் கிச்சுக்கிச்சு தாங்காமல் கத்த, அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கைடும் பக்கத்தில் குனிந்து முகம் கழுவினார். ‘பொளக்’ என்று ஒரு சத்தம். அவர் பையைத் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டிப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

“யா அல்லாஹ்” என்றார். வேன் சாவி.

வண்டியில் வந்த ஓர் இளைஞன் உடனே குதித்தான். இரண்டு தடவை முங்கிவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான். படியை ஒட்டி ஒரு பாறைத் திட்டு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஆழம் தெரியவில்லை என்றான். கைடு மேலே போய் ஆபீசுக்குப் போன் பேசிவிட்டு இறங்கி வந்தார். இன்னொரு சாவி மஸ்கட்டிலிருந்து வர வேண்டும், ஆள் தேடி அனுப்பி வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும், சூர் இன்று மாஃபி, கிடையாது என்றார். என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அப்பா வாட்சைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

“எந்த இடத்துல விழுந்துச்சுன்னு அவருட்டக் கேளுண்ணே.”

“நீ சும்மா இரு. ஊர்க் கடல் இல்ல இது.”

“தண்ணி தண்ணிதாண்ணே. ஆறு மணிக்கு நான் அங்க நிக்கணும்ல.”

அத்தை அபாயாவைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே மஞ்சள் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, செருப்பை ஜோடியாக ஓரத்தில் விட்டாள். அந்த இளைஞனைப் போல ஓடி வந்து குதிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மூன்று முறை நிதானமாக மூச்சிழுத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போகிறவளைப் போலத் தண்ணீருக்குள் போனாள். கொஞ்ச நேரம் அவளுடைய உள்ளங்கால் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

“பாம்பன்ல பாசி எடுக்கப் போனவ” என்று அப்பா யாரிடம் என்றில்லாமல் சொன்னார். “பதிமூணு வயசுல இருந்து. தீவுக்குத் தீவு போவா.” எனக்கு இது அன்றுதான் தெரியும். மீன் குழம்பு வைக்கிற என் அத்தை, கடலுக்கடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு பாசி பறித்தவள்!

முதல் தடவை வெறுங்கையோடு வந்தாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. “திட்டுக்குக் கீழ ஒரு பொந்து இருக்கு” என்றுவிட்டு மறுபடி போனாள். நான் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பது தாண்டியதும் மெக்சிகோ அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அறுபத்திரண்டில் அத்தையின் தலை எனக்கு மிகப் பக்கத்தில், படிக்குக் கீழே எழும்பியது. அவள் வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் சாவியின் சிவப்பு வளையம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மேலே நின்ற கைடிடம் இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஒரு புரளு புரண்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

இந்த முறை அவள் அடிக்குப் போகவில்லை. பச்சைத் தண்ணீருக்குள் மஞ்சள் துணி விரிந்து, மல்லாந்து, பக்கவாட்டில் திரும்பி, பள்ளத்தின் நடு வரைக்கும் போய் வளைந்து திரும்பியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பில் வயிறு வலித்தது. கடைசியில் எழும்பி வந்து கையை உயர்த்தி சாவியைக் குலுக்கினாள். பள்ளம் முழுக்க விசில் சத்தம். கைடு சாவியை முத்தமிட்டார். மெக்சிகோ அம்மா தன் ஓலைத் தொப்பியைக் கழற்றி அத்தையின் ஈரத் தலையில் கவிழ்த்து, தன் மொழியில் ஏதோ நிறையச் சொன்னார். “ஆமாமா, நல்ல தண்ணிதான்” என்று அத்தை தமிழில் பதில் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த வேனில் அத்தைதான் ராணி. கைடு அவளை முன் சீட்டில் உட்காரவைத்து, மைக்கில் ‘கேப்டன்’ என்று அறிவித்தார். மலை ஓடையில் படகேறினோம், சூரில் பாதி கட்டிய மரக்கப்பலின் விலா எலும்புகளுக்குள் ஓடிப் பிடித்து விளையாடினோம். அத்தை இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். எப்போதும் கடிகாரம் பார்ப்பவள் அன்று நான் கேட்ட பிறகுதான் மணி பார்த்தாள்.

நன்றிக்கடனாக, வழியில் குருமில் அத்தையை அவள் வேலை செய்யும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார் கைடு. தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி அப்பா இந்தியில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கைடு கேட்பதாக இல்லை. ஆறு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது, சுற்றுலா கம்பெனி படம் போட்ட வேன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் பெருமையாக ஹாரன் வேறு அடித்தார்.

மேடமே கேட்டுக்கு வந்துவிட்டார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்து, உள்ளே போய் ரிப்பன் கட்டிய ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்தார். குனிந்து என் கன்னத்தைத் தட்டி, “ஹேப்பி பர்த்டே, ஹபீப்தி” என்றார்.

“இன்னிக்கு என் பர்த்டே இல்லையே!” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா என் தோளைத் தொட்டார். எனக்கு நிற்க நேரமில்லை. பள்ளம், சாவி, அறுபத்திரண்டு வரை எண்ணியது, எல்லோரும் பார்க்க அத்தை நீந்தியது, கேப்டன் என்று பட்டம் வாங்கியது என ஒன்று விடாமல் கொட்டினேன். ஆழம் எவ்வளவு என்று கையை விரித்துக் காட்டினேன். அத்தை கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சப்படுகிறாள் என்று எண்ணி, விட்டுப்போனவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

“ரியலி?” என்றார் மேடம். அத்தையின் இன்னும் காயாத பின்னலைப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்.” பிறகு சாக்லேட்டை என்னிடமே கொடுத்துவிட்டு அத்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மேடத்திடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. அப்பா எழுந்து நின்றுகொண்டு “சாரி மேடம், சாரி மேடம்” என்றார். அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் ஊரில் இருக்கும் அவள் அம்மாவுக்குத் தான் என்ன பதில் சொல்வது, பிறந்தநாள் என்று சொல்லாமல் தன்னிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று மேடம் சொன்னாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் காலேஜ் முடித்த பிறகு. அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த மாத வெள்ளிக்கிழமை அத்தை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வரவே இல்லை. போன் மட்டும் செய்வாள். வேலை ஜாஸ்தி மருமகளே, பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டுக்கு விருந்தாட்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வாள். உண்மையான என் பிறந்தநாளுக்கும் போனில்தான் வாழ்த்தினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேடத்திடம் எவ்வளவு பெருமையாக அவளைப் பற்றிச் சொன்னேன், அந்த நன்றிகூட இல்லையே.

“உங்ககூட டூ. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க” என்றேன்.

அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள். “சரித்தா. சாப்ட்டியா?” என்று கேட்டாள். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போனேன்.